ஈரக் காற்றிலும் வேலை செய்யும் நிலைமின்காட்டி: செய்முறை

பாடநூல் படத்தைப் பார்த்து, ஒரு பாட்டில், ஒரு கம்பி, இரண்டு ஃபாயில் துண்டுகள் வைத்து நிலைமின்காட்டி (ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி) செய்பவர்கள் நிறையப் பேர். சீப்பைத் தேய்த்துக் கிட்டே கொண்டுபோனால் இலை (அந்த ஃபாயில் துண்டு) அசையாது, அல்லது ஒரு நொடி விரிந்து உடனே சரிந்துவிடும். அப்போது எல்லாரும் சந்தேகப்படுவது இலையைத்தான். இன்னும் மெல்லிய ஃபாயில் தேடிக் கடை கடையாக அலைவார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது கம்பியைத் தாங்கி நிற்கும் காப்பானில் (மின்சாரம் கடத்தாத பொருளில்). கம்பிக்கு வந்த மின்னூட்டம் ஈரம் படிந்த மூடியின் வழியாகக் கசிந்து கைக்கோ மேசைக்கோ போய்விடுகிறது. காப்பானைச் சரிசெய்துவிட்டால் சமையலறை ஃபாயிலே போதும்.

முதலில் மின்னூட்டம் தரும் பொருள்

கருவியைச் சோதிக்க நம்பகமான மின்னூட்டம் வேண்டும். சீப்பு, ஸ்கேல் எல்லாம் இரண்டாம்பட்சம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 20 அல்லது 25 மி.மீ. பி.வி.சி. பைப்பில் அரை மீட்டர் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஸ்பிரிட்டால் துடைத்து, கைரேகையின் உப்பும் எண்ணெயும் போன பிறகு காய விடுங்கள். அசல் கம்பளித் துணியால் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் அழுத்தி இழுத்தால் பைப் எதிர் மின்னூட்டம் பெறும். கடையில் கம்பளி என்று விற்கும் பல துணிகள் அக்ரிலிக் நூலால் ஆனவை. கம்பளி கிடைக்காவிட்டால் உலர்ந்த, எண்ணெய் வைக்காத தலைமுடியும் டிஷ்யூ பேப்பரும் உதவும்.

கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்தால் நேர் மின்னூட்டம் வரும் என்று படித்திருப்போம். உண்மைதான். ஆனால் சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு காற்றிலுள்ள ஈரத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அந்தச் சோதனை பல மாதங்களுக்குச் சரியாக வராது. நேர் மின்னூட்டத்துக்கு இன்னும் எளிய வழி கீழே வருகிறது.

ஈரப்பதம் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 30 டிகிரி செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீராவி மாறாமலே ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதத்துக்கு இறங்கும். ஹேர் டிரையரால் பைப்பையும் காப்பானையும் ஒரு நிமிடம் சூடாக்கினால் நடப்பது இதுதான். சூடு இருக்கும்வரை அந்தப் பரப்பில் ஈரம் படியாது. டிரையர் இல்லையென்றால் மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். கடலோரத்தில் கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய முற்பகல் நேரமும், ஏ.சி. ஓடும் அறையும் நல்ல தேர்வுகள்.

ஐந்து நிமிடக் கருவி: கில்பர்ட்டின் ஊசி

வில்லியம் கில்பர்ட் 1600-இல் விவரித்த வெர்சோரியம்தான் மின்னூட்டத்தைக் கண்டறிய மனிதர் செய்த முதல் கருவி. 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் ஃபாயிலோ கெட்டித் தாளோ வெட்டி, நீளவாக்கில் கூரை போல லேசாக மடியுங்கள். மடிப்பின் நடுவில், உட்புறமிருந்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா முனையால் ஒரு குழி அழுத்துங்கள். ஓட்டை விழக்கூடாது. ரப்பரில் ஒரு குண்டூசியைத் தலைகீழாகக் குத்தி, அதன் கூர்முனைமேல் குழியை உட்காரவைத்தால் ஊசி தயார். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த முனையில் துளி வெட்டுங்கள்.

தேய்த்த பைப்பை ஒரு சாண் தூரத்தில் காட்டினால் ஊசி திரும்பி அதை நோக்கி நிற்கும். ஊசியில் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கத் தேவையில்லை என்பதால் இதற்குக் காப்பானே வேண்டாம். ஆகவே ஈரமான நாளில் நிலைமின்காட்டி அசையாதபோது முதலில் இதை எடுங்கள். ஊசி திரும்பினால் பைப் சரி, குறை காட்டியில். ஊசியும் அசையாவிட்டால் பைப்பில் மின்னூட்டமே ஏறவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள், காற்றுக்கும் இது சுற்றும்.

இதன் குறை ஒன்று. நேர், எதிர் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஈர்க்கப்படும். ஈர்ப்பை வைத்து மின்னூட்டத்தின் வகையைச் சொல்ல முடியாது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் விலக்கம் மட்டுமே சான்று.

இலை நிலைமின்காட்டி

1787-இல் ஆபிரகாம் பெனட் தங்க இலையை வைத்துச் செய்த கருவியின் எளிய வடிவம் இது. தங்க இலையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரான், சமையலறை ஃபாயில் 11 மைக்ரான் அளவில் இருக்கும். தங்கம் அடர்த்தி மிகுந்தது என்றாலும், ஒரே பரப்புக்கு ஃபாயில் சுமார் பதினைந்து மடங்கு எடை. அதனால் தங்க இலை சில நூறு வோல்ட்டுக்கே விரியும், ஃபாயிலுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். கவலை வேண்டாம், தேய்த்த பைப் பல ஆயிரம் வோல்ட் தரும்.

தேவையானவை: அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கொள்ளும் அகலவாய்க் கண்ணாடி பாட்டில், அதன் பிளாஸ்டிக் மூடி, 2 மி.மீ. தடிமனில் 20 செ.மீ. பித்தளை அல்லது ஜி.ஐ. கம்பி, நிறமும் மணமும் சேர்க்காத வெள்ளை மெழுகுவர்த்தி, ஃபாயில், 4 செ.மீ. தெர்மாகோல் பந்து, இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

கம்பியை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். மோட்டார் சுற்றும் தாமிரக் கம்பியில் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டாவிட்டால் இலைக்கு மின்னூட்டம் போகாது. கம்பியின் கீழ்முனையில் 1 செ.மீ. நீளத்தைக் கிடைமட்டமாக வளையுங்கள். இலைகள் தொங்கப் போவது அதில்தான்.

அடுத்தது மூடி, இதில் அவசரப்படக்கூடாது. மூடியின் நடுவில் 12 மி.மீ. துளை போடுங்கள். கெட்டித் தாளைச் சுருட்டி, துளைக்குள் செருகும் அளவில் 3 செ.மீ. உயரக் குழல் செய்து, அடிப்பக்கத்தைச் செலோடேப்பால் மூடி, கம்பி அதன் நடுவில் செங்குத்தாக நிற்கும்படி டேப்பைத் துளைத்து நிறுத்துங்கள். மெழுகை நேரடித் தீயில் உருக்காதீர்கள். கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கி, குழலில் ஊற்றுங்கள். மெழுகு ஆறும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும், அதில் இரண்டாம் முறை ஊற்றி நிரப்புங்கள். ஆறியதும் டேப்பையும், மூடிக்கு வெளியே துருத்தும் தாளையும் உரித்து எடுத்துவிடுங்கள், தாள் ஈரத்தை உறிஞ்சும். கம்பி மெழுகைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

தக்கை, மரம், கறுப்பு ரப்பர் மூன்றையும் பலர் காப்பானாக வைப்பார்கள். தக்கையும் மரமும் ஈரத்தில் கடத்தும். கறுப்பு ரப்பரில் கலந்திருக்கும் கரித்தூளே கடத்தும். வீட்டு மின்சாரத்துக்குக் காப்பானாக இருக்கும் பொருள், பல ஆயிரம் வோல்ட்டில் துளியூண்டு மின்னூட்டத்தைப் பிடித்துவைக்க உதவும் என்று நம்ப முடியாது. பாரஃபின் மெழுகு, பாலித்தீன், டெஃப்லான், தெர்மாகோல் ஆகியவற்றின்மேல் நீர் ஒட்டாது, அவைதான் இங்கே வேண்டும்.

இலைக்கு, ஃபாயிலைக் கண்ணாடிமேல் விரித்து ஸ்பூனின் முதுகால் நீவுங்கள். புது பிளேடும் ஸ்கேலும் வைத்து 4 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கத்தரிக்கோல் விளிம்பைச் சுருட்டிவிடும். மேல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. கீழே ஊசியால் துளையிட்டு, துளையைக் கம்பியைவிடச் சற்றுப் பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஊதினால் தாராளமாக ஆடவேண்டும். ஒட்டினாலோ இறுக்கி மடித்தாலோ விரியாது. மாத்திரை அட்டையின் ஃபாயிலில் அரக்குப் பூச்சு இருக்கும். பிஸ்கட் உறையின் வெள்ளிப் பளபளப்பு பிளாஸ்டிக்குக்குள் புதைந்தது. இரண்டும் உதவாது. உணர்திறன் கூட வேண்டுமானால் இனிப்பின்மேல் ஒட்டும் வெள்ளி இழைத்தாளை வாங்கலாம், ஆனால் மூச்சுப் பட்டாலே கிழியும்.

கம்பியின் மேல்முனையில் தெர்மாகோல் பந்தைச் செருகி, சுருக்கமில்லாமல் ஃபாயில் சுற்றுங்கள். ஃபாயில் கம்பியைத் தொடுகிறதா என்று பாருங்கள். கூர்முனை எங்கே இருந்தாலும் மின்னூட்டம் அங்கிருந்து காற்றில் கசியும்.

பாட்டிலின் உட்சுவரில், இலைகள் விரியும் இரு பக்கத்திலும் 2 செ.மீ. அகல ஃபாயில் பட்டைகள் ஒட்டி, பாட்டில் வாய்வழியாக வெளியே கொண்டுவந்து ஒன்றாக இணையுங்கள். அந்த இணைப்பைக் கையால் தொட்டுக்கொண்டே பயன்படுத்துங்கள். பாட்டில் சுவரில் தானாக ஏறும் மின்னூட்டம் இலையை இழுத்துப் பொய்யான விலக்கம் (இலை விரிவு) காட்டுவதை இந்தப் பட்டைகள் தடுக்கும். பாட்டிலை வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் சிலிக்கா ஜெல்லைப் போட்டு மூடுங்கள்.

கசிவுச் சோதனை

பைப்பைத் தேய்த்துப் பந்தின்மேல் உரசி இழுங்கள். பைப் கடத்தி அல்ல, ஓரிடத்தில் தொட்டால் அந்த இடத்து மின்னூட்டம் மட்டுமே இறங்கும், அதனால் நீளம் முழுக்க உரசவேண்டும். இலைகள் விரிந்ததும் பைப்பைத் தூர வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். விலக்கம் பாதியாகக் குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் கருவி பயன்படும். நல்ல மெழுகும் உலர்ந்த நாளும் சேர்ந்தால் பல நிமிடம் நிற்கும்.

சில நொடியில் விழுந்தால் மெழுகின் மேற்பரப்பை ஸ்பிரிட்டால் துடைத்து, டிரையரைத் தள்ளிப் பிடித்து மெழுகு இளகாத அளவு மட்டும் காட்டுங்கள். முதலில் வேகமாக விழுந்து, பாதி விரிவில் நின்றுவிட்டால் எங்கோ கூர்முனை இருக்கிறது. இலை ஒருமுறை விரிந்து சுவர்ப் பட்டையைத் தொட்டுச் சட்டென்று சரிந்தால் மின்னூட்டம் அதிகம், குறைவாக ஏற்றுங்கள்.

காப்பான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசிவு முழுக்க நிற்காது. இந்தச் சிறு கசிவுதான் இயற்பியலில் பெரிய கதவைத் திறந்தது. நன்கு மூடிய மின்காட்டியும் ஏன் மெல்ல மின்னூட்டம் இழக்கிறது என்ற கேள்வியோடு விக்டர் ஹெஸ் 1912 ஆகஸ்டில் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறினார். உயரே போகப்போகக் கசிவு கூடியது. விண்வெளியிலிருந்து வந்து காற்றை மின்சாரம் கடத்தச் செய்யும் காஸ்மிக் கதிர்கள் அப்படித்தான் அறியப்பட்டன, 1936-இல் நோபல் பரிசும் வந்தது.

நேரா, எதிரா

மின்தூண்டல் முறையில், அதாவது மின்னூட்டமுள்ள பொருளால் தொடாமல், ஏற்றுவதற்கு வரிசை முக்கியம். பைப்பைப் பந்துக்கு அருகே பிடியுங்கள், தொட வேண்டாம். இலை விரியும். பைப் அங்கேயே இருக்க, மறு கை விரலால் பந்தைத் தொடுங்கள். இலை விழும். விரலை முதலில் எடுங்கள். பிறகு பைப்பை எடுங்கள். இலை மறுபடி விரியும், இப்போது காட்டியில் இருப்பது நேர் மின்னூட்டம். பைப்பை முதலில் எடுத்தால் விரல்வழியே எல்லாம் சமமாகி ஒன்றும் மிஞ்சாது.

இனி தெரியாத பொருளைத் தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். விலக்கம் கூடினால் அதுவும் நேர். விலக்கம் குறைந்தால்? இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். எதிர் மின்னூட்டமும் குறைக்கும், மின்னூட்டமே இல்லாத உங்கள் கையும் குறைக்கும். எனவே காட்டியை விரலால் தொட்டு வெறுமையாக்கி, பைப்பை நேரடியாக உரசி எதிர் மின்னூட்டம் ஏற்றி, அதே பொருளை மீண்டும் காட்டுங்கள். அப்போது விலக்கம் கூடினால் மட்டுமே அது எதிர். வேகமாகக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காட்டியில் இருப்பதற்கு மாறான வகை மின்னூட்டம் வலுவாக அருகே வந்தால் இலை விழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி விரியும், விழுந்ததைக் கவனிக்கத் தவறினால் கூடியது என்று எழுதிவிடுவோம்.

எலக்ட்ரோஃபோரஸும் டெஸ்டர் பல்பும்

நேர் மின்னூட்டத்துக்கு வோல்ட்டா 1775-இல் பிரபலமாக்கிய எலக்ட்ரோஃபோரஸ்தான் சிறந்தது. 2 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் பலகையைக் கம்பளியால் தேயுங்கள், எதிர் மின்னூட்டம் பெறும். அதைவிடச் சிறிய, விளிம்பு மழுங்கிய சில்வர் தட்டின் நடுவில் தெர்மாகோல் கப்பைக் கைப்பிடியாக ஒட்டுங்கள். தட்டைப் பலகைமேல் வைத்து, விரலால் தொட்டு, விரலை எடுத்து, கைப்பிடியால் தூக்குங்கள். தட்டில் நேர் மின்னூட்டம். மறுபடி தேய்க்காமல் பல தடவை எடுக்கலாம்.

இப்போது பழைய ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரைத் திறந்து உள்ளிருக்கும் நியான் பல்பை எடுங்கள். எண் காட்டும் டிஜிட்டல் டெஸ்டரில் இது இருக்காது. திறந்த டெஸ்டரை இனி வீட்டு மின்சாரத்தில் பயன்படுத்தாதீர்கள். பல்பின் ஒரு முனையை விரலால் பிடித்து, மறுமுனையால் தட்டைத் தொட்டால் மினுக்கென்று ஒளிரும். அறையை இருட்டாக்கி, பல்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் இரண்டு சிறு உலோகத் தண்டுகளில் எதிர் முனையாக இருப்பது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மின்னும்.

தட்டு பலகைமேல் இருக்கும்போது விரலுக்குப் பதிலாகப் பல்பால் தொட்டால் தட்டுப் பக்கத் தண்டு ஒளிரும், ஏனெனில் எலக்ட்ரான்கள் தட்டிலிருந்து கைக்கு வருகின்றன. தட்டைத் தூக்கிய பின் தொட்டால் கைப் பக்கத் தண்டு ஒளிரும். எலக்ட்ரான் வெளியே போவதையும் திரும்பி வருவதையும் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

தூரத்திலிருந்தே உணரும் டிரான்சிஸ்டர்

இலை அசையாத அளவு சிறிய மின்னூட்டத்துக்கு என்-சானல் ஜே-ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்; டிரெயின், சோர்ஸ், கேட் என்பவை அதன் கால்கள்) ஒன்று போதும். பி.எஃப்.டபிள்யூ 10, எம்.பி.எஃப் 102, பி.எஃப் 245 எதுவானாலும் சரி. 9 வோல்ட் பேட்டரியின் நேர் முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர், அடுத்து சிவப்பு எல்.இ.டி., அங்கிருந்து டிரெயின். சோர்ஸ் பேட்டரியின் எதிர் முனைக்கு. கேட் காலில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதன் மறுமுனையில் 10 செ.மீ. கம்பியை ஆன்டெனாவாக நிறுத்துங்கள். கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், தரவுத்தாளைப் பார்த்தே இணையுங்கள். பி.எஃப்.டபிள்யூ 10-இன் நான்காவது கால் உலோக உறையுடையது, அதைச் சோர்ஸோடு சேர்த்துவிடுங்கள். கேட் காலைப் பிரெட்போர்டில் குத்தாதீர்கள், அதன் பிளாஸ்டிக்கே கசியும். அந்தரத்தில் பற்றவையுங்கள்.

எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும். எதிர் மின்னூட்டமுள்ள பைப்பைக் கிட்டே கொண்டுவந்தால் அணையும், எடுத்தால் எரியும். நேர் மின்னூட்டமுள்ள தட்டைக் கொண்டுவரும்போது பெரிதாக மாற்றம் தெரியாது, எடுக்கும்போது அணைந்து, சற்று நேரம் கழித்து மீளும். தட்டு அருகே இருந்தபோது கேட்டுக்குள் புகுந்த எலக்ட்ரான்கள் அது போன பிறகு மாட்டிக்கொள்வதே காரணம். கொண்டுவரும்போது அணைந்தால் எதிர், எடுக்கும்போது அணைந்தால் நேர். விளக்கு எப்போதும் மங்கலாகவே எரிந்தால் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் வயரிங்கை ஆன்டெனா வாங்குகிறது, அறையின் நடுவுக்கு நகருங்கள். ஆன்டெனாவுக்குப் பொறி பாயும் அளவு கிட்டே போகாதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் இந்தக் கருவிகளில் எதையும் வெளியே நீட்டிய கம்பியோடு இணைக்கக்கூடாது. 1753-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் ரிக்மான் அப்படி அளக்க முயன்றபோது மின்னல் தாக்கி இறந்தார்.

டம்ளர் சோதனை

1843-இல் ஃபாரடே பனிக்கட்டி வாளியை வைத்துச் செய்ததை உங்கள் இலைக் காட்டியில் செய்து பார்க்கலாம். பந்தை எடுத்துவிட்டு, கம்பியின் மேல்முனையை வளையமாகச் சுற்றி, அதன்மேல் ஆழமான சில்வர் டம்ளரை உட்காரவையுங்கள். 10 செ.மீ. பி.வி.சி. துண்டு ஒன்றையும், கம்பளித் துணி ஒட்டிய சிறு தெர்மாகோல் கட்டை ஒன்றையும் எடுத்து, இரண்டுக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவால் நீண்ட கைப்பிடி வையுங்கள். துணியைக் கையால் பிடித்தால் அதன் மின்னூட்டம் உடல்வழியே போய்விடும், சோதனை கெடும். தொடங்குமுன் இரண்டையும் மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, உருகாத உயரத்தில் ஒருமுறை கடத்துங்கள். சுடரின் அயனிகள் பழைய மின்னூட்டத்தை அழித்துவிடும்.

வெளியே ஒன்றோடொன்று தேய்த்து, பிரிக்காமல் சேர்த்தே டம்ளருக்குள் இறக்குங்கள். இலை அசையாது. துணியை மட்டும் வெளியே எடுத்தால் இலை விரியும். அதை உள்ளே திரும்ப வைத்துவிட்டு பி.வி.சி.யை எடுத்தால் அதே அளவு விரியும், ஆனால் நேர் மின்னூட்டத்தால். பொருள் டம்ளருக்குள் ஆழமாக இருக்கும்வரை அங்கும் இங்கும் நகர்த்தினாலும் விரிவு மாறாது. மாறினால் டம்ளர் ஆழம் போதவில்லை, அல்லது உங்கள் விரல்கள் வாயருகே வந்துவிட்டன.